வீட்டு மின் நுகர்வுக் கணிப்பு: மாடல் சொல்லும் விளக்கம் விசித்திரமாக இருந்தால் எங்கே பார்ப்பது?

வீட்டின் மின் நுகர்வைக் கணிக்கும் மாடல் ஒன்றைச் செய்து முடித்து, அது ஏன் அப்படிக் கணிக்கிறது என்று ஷாப் (SHAP) படம், அதாவது ஒவ்வொரு உள்ளீடும் கணிப்பை எவ்வளவு ஏற்றியது, இறக்கியது என்று பட்டைகளாகக் காட்டும் படம், போட்டுப் பார்த்தால், பாதி நேரம் அந்தப் படம் கிறுக்குத்தனமாகத் தெரியும். வெயில் ஏற ஏற நுகர்வு குறைகிறது என்று காட்டும். செவ்வாய்க்கிழமை என்பதால் கூடுதல் என்று காட்டும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் யாரோ துணி துவைக்கிறார்கள் என்று காட்டும்.

இந்த இடத்தில் பலர் விளக்கக் கருவியைச் சந்தேகப்பட்டு வேறு கருவிக்குத் தாவிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் கருவி பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. தரவில் நாம் கவனிக்காமல் விட்ட கோளாறைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. எலக்ட்ரீசியன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதுபோல விளக்கப் படத்தை வைத்துப் பார்க்கலாம். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எளிய கணிப்புகள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, போன வாரம் இதே நாள் இதே மணிக்கு எவ்வளவு ஓடியதோ அதையே இப்போதும் சொல்வது. இதற்கு மாடலே வேண்டாம். இன்னொன்று, வெளி வெப்பநிலையை மட்டும் வைத்து நாள் நுகர்வுக்குப் போடும் மடிந்த கோடு. ஓர் எல்லைக்குக் கீழே குளிர் கூடக் கூட ஹீட்டரால் ஏறும், இன்னோர் எல்லைக்கு மேலே வெப்பம் கூடக் கூட ஏசியால் ஏறும், நடுவில் தட்டையாகக் கிடக்கும். உங்கள் பெரிய மாடல் இந்த இரண்டையும் தெளிவாக முந்தவில்லை என்றால் அதன் விளக்கத்தை உட்கார்ந்து படிக்காதீர்கள், நேரம்தான் வீண்.

அப்புறம் அலகு. கிலோவாட் என்பது வண்டியின் வேகம் மாதிரி, யூனிட் என்று நாம் சொல்லும் கிலோவாட் மணி ஓடிய தூரம் மாதிரி. அரைமணி மீட்டரில் 0.4 யூனிட் என்று பதிவானால் அந்த அரைமணியின் சராசரி 0.8 கிலோவாட். இரண்டு இடங்களிலிருந்து வந்த தரவை ஒட்டும்போது முதலில் வழுக்குவது இங்கேதான். சில வீடுகளின் கணிப்பு மட்டும் கச்சிதமாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் மாடலைத் தொட வேண்டாம், அலகைப் பாருங்கள்.

அறிகுறி: மதிப்பெண் 0.99, நம்பவே முடியவில்லை

நம்ப வேண்டாம். இங்கே 1 என்றால் கணிப்பு முழுக்கச் சரி என்று பொருள். ஒரு வீட்டின் நுகர்வை அவ்வளவு துல்லியமாகக் கணிக்க முடியாது. யார் எப்போது இஸ்திரிப் பெட்டியைப் போடுவார் என்று அவருக்கே தெரியாது.

இந்தத் துறையில் பழகப் பலரும் எடுக்கும் தரவு ஒன்று உண்டு. பாரிஸிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸோ என்ற ஊரில் ஒரே வீட்டில், 2006 டிசம்பர் முதல் 2010 நவம்பர் வரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தது. 20 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல் வரிசைகள். அதன் முதல் வரிசை 2006 டிசம்பர் 16, மாலை 5:24. திறன் 4.216 கிலோவாட், மின்னழுத்தம் 234.84 வோல்ட், மின்னோட்டம் 18.4 ஆம்பியர். பின்னிரண்டையும் பெருக்குங்கள்: 4,321 வருகிறது. ரியாக்டிவ் பவர் (வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் மின்திறன்) போன்றவற்றால் கொஞ்சம் கூடுதல், மற்றபடி விடை அதேதான். மின்னோட்டத்தை உள்ளீடாகக் கொடுத்துவிட்டுத் திறனைக் கணிக்கச் சொன்னால் மாடல் கணிக்கவில்லை, பெருக்குகிறது.

கணிக்கும் நேரத்தில் கையில் இருக்க முடியாத தகவல் இப்படி உள்ளீட்டில் நுழைவதற்குத் தரவுக் கசிவு என்று பெயர். விளக்கப் படத்தில் அது எப்படித் தெரியும்? ஒரே ஒரு பட்டை நீளமாக இருக்கும், மற்றவை எல்லாம் புள்ளி அளவில் சுருங்கியிருக்கும். அந்த நீளமான ஃபீச்சரின் (மாடலுக்குக் கொடுக்கும் உள்ளீட்டு நெடுவரிசையின்) வரைபடத்தைத் தனியே எடுத்தால் சிதறலே இல்லாமல் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடாக இருக்கும். வீட்டு மின்சாரத்தில் எந்தக் காரணமும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

சரி, மின்னோட்டம் மாதிரி வெளிப்படையான கசிவைப் பிடித்துவிடலாம். ஒளிந்திருப்பவைதான் தொல்லை. அந்த நாளின் மொத்த நுகர்வு ஒரு நெடுவரிசையாக உள்ளே இருக்கும். நகரும் சராசரியை எடுத்தவர் முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் சேர்த்து எடுத்திருப்பார், அதாவது எதிர்காலம் உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டின் அளவையும் அதன் மொத்தக் காலச் சராசரியால் வகுத்திருப்பார்கள், சோதனைக் காலமும் அந்தச் சராசரியில் அடக்கம். நாளை மாலையின் வெப்பநிலை என்று கொடுத்திருப்பது நடந்து முடிந்த அளவாக இருக்கும், வானிலை முன்னறிவிப்பாக இருக்காது.

நான் செய்வது இதுதான்: ஒரு தாளில் எல்லா நெடுவரிசைகளையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் “இந்த எண் என் கைக்கு எப்போது வரும்?” என்று நேரம் குறிப்பேன். கணிக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகு வருவது எதுவோ, அது வெளியே போகும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு வகை, வரிசைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. 5:24 பயிற்சியிலும் 5:25 சோதனையிலும் போனால், மாடல் பக்கத்து நிமிடத்தைப் பார்த்து எழுதிவிடும். காலத்தை வைத்து வெட்டுங்கள்: முதல் மூன்று ஆண்டு பயிற்சி, கடைசி ஆண்டு சோதனை. மதிப்பெண் சடாரென்று விழும். விழுந்த பிறகு நிற்பதுதான் உங்கள் உண்மையான மதிப்பெண்.

அறிகுறி: முந்தைய மணி பூஜ்ஜியமாக இருந்தால் கணிப்பு எகிறுகிறது

இதில் ஒருமுறை மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சில வீடுகளில் ஷாப் படம் தெளிவாகச் சொன்னது: கடந்த ஒரு மணி நுகர்வு பூஜ்ஜியம், அதனால் இந்த மணிக்குப் பல மடங்கு கூடுதல். கரண்ட் போய் வந்ததும் எல்லாச் சாதனங்களும் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன என்று நானே ஒரு கதை கட்டி நம்பியும் விட்டேன். அழகான கதை.

பிறகு ஒரு வீட்டின் மூலத் தரவைக் கண்ணால் பார்த்தேன். 0.5, 0.6, 0, 0, 0, 0, 0, 3.4, 0.6. மீட்டருக்கும் சேகரிக்கும் இடத்துக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கிறது. திரும்ப வந்ததும் மீட்டர் சேர்த்து வைத்ததை மொத்தமாக அனுப்பியிருக்கிறது. பதிவாகாத ஐந்து மணியில் யாரோ பூஜ்ஜியத்தை நிரப்பியிருக்கிறார்கள். 3.4-ஐ அந்த ஐந்து மணிக்கும் சேர்த்து ஆறால் வகுத்தால் மணிக்கு 0.57, அந்த வீட்டின் வழக்கமான அளவு. மாடல் கற்றுக்கொண்டது மனிதர்களின் பழக்கத்தை அல்ல, தொடர்புக் கோளாறின் பழக்கத்தை.

கரண்ட் இருக்கும் வரை, ஃபிரிட்ஜ் ஓடும் வீட்டில் ஒரு மணி நேர நுகர்வு சுத்தமாகப் பூஜ்ஜியம் ஆகாது. ஆகவே தொடர் பூஜ்ஜியங்களையும், அவற்றை ஒட்டி வரும் பெரிய எண்ணையும் தேடும் ஒரு சின்ன வடிகட்டி முதலிலேயே இருக்கட்டும். விடுபட்டதை விடுபட்டதாகவே குறியுங்கள். மேலே சொன்ன பிரெஞ்சு வீட்டுத் தரவிலும் சுமார் 1.25% வரிசைகளில் அளவுகள் இல்லை. அங்கே அவற்றை நேர்மையாகக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

அறிகுறி: வெயில் ஏறினால் நுகர்வு குறைகிறது என்கிறது

இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலில் கூரையைப் பாருங்கள். சோலார் தகடு உள்ள வீட்டில் மீட்டர் காட்டுவது நிகர அளவு, அதாவது வெளியிலிருந்து வாங்கியதிலிருந்து வெளியே கொடுத்ததைக் கழித்தது. வெயில் அடித்தால் அது குறையத்தான் செய்யும், எதிர்மறையாகக் கூடப் போகும். மாடல் சொன்னது சரி, நாம் அந்த நெடுவரிசைக்கு “நுகர்வு” என்று பெயர் வைத்ததுதான் தப்பு. தகடு உற்பத்தி செய்த அளவு தனியே கிடைத்தால் கூட்டிச் சேருங்கள். கிடைக்காவிட்டால் அந்த வீடுகளைத் தனிக் குழுவாக்கி, சூரியக் கதிர்வீச்சின் அளவையும் ஃபீச்சராகக் கொடுங்கள்.

அடுத்து கடிகாரம். ஒரு நாளின் உச்ச வெயில் பிற்பகலில். வேலைக்குப் போகிறவர்களின் வீடு அப்போது காலி. மாலையில் வெயில் தணியும்போதுதான் விளக்கு, சமையல், ஏசி எல்லாம் தொடங்கும். மணி என்ற ஃபீச்சர் இல்லாமலோ, வார நாளோடு சேராமலோ இருந்தால் அதன் பழி வெப்பநிலை தலையில் விழும். சரிபார்ப்பது எளிது: மாலை 7 மணி வரிசைகளை மட்டும் எடுத்து, வெப்பநிலைக்கு எதிரே நுகர்வைப் புள்ளிகளாகப் போடுங்கள். கோடு இப்போது மேலே ஏறினால் குற்றவாளி கடிகாரம்தான்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஒரு ஃபீச்சர் மாறினால் கணிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் பார்ஷியல் டிபென்டன்ஸ் படம் எப்படி உருவாகிறது தெரியுமா? எல்லா வரிசைகளிலும் வெப்பநிலையை மட்டும் 38 டிகிரி என்று மாற்றி, கணிப்புகளின் சராசரியை எடுக்கும். அடுத்து 2 டிகிரி என்று மாற்றும். இதில் ஜனவரி நள்ளிரவு, பனி, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரிசையிலும் 38 ஒட்டப்படும். அப்படி ஒரு இரவு உலகத்தில் இல்லை, மாடல் அதைப் பார்த்ததும் இல்லை. பார்க்காத இடத்தில் அது சொல்லும் உளறலும் சராசரியில் சேர்ந்துவிடுகிறது. மாதம், வெப்பநிலை, பகல் நீளம், உள் வெப்பநிலை என்று ஒன்றோடொன்று ஒட்டுறவு உள்ள ஃபீச்சர்கள் நிறைந்த துறை இது. ஆகவே இந்தப் படத்தைவிட ஏஎல்இ (ALE, அக்யுமுலேட்டட் லோக்கல் எஃபெக்ட்ஸ்) படத்தை எடுங்கள். அது ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அதன் பக்கத்தில் உண்மையாகவே இருக்கும் வரிசைகளை மட்டும் வைத்துச் சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

மாதத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாகக் கொடுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. மாதம் என்பது பெரும்பாலும் வெப்பநிலையின் முரட்டு நகல். பள்ளி விடுமுறை, பண்டிகை போன்ற காரணத்துக்காக அது வேண்டும் என்றால், அந்தக் காரணத்தையே நேரடியாக ஒரு நெடுவரிசையாக வையுங்கள்.

அறிகுறி: பழைய நுகர்வைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை என்கிறது

முந்தைய மணி, நேற்று இதே மணி, போன வாரம் இதே மணி. இந்த மூன்றும் முக்கியத்துவம் முழுவதையும் வாரிக்கொள்ளும். வெப்பநிலை, வீட்டின் பரப்பு, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஓரமாக ஒதுங்கிவிடும்.

இது கோளாறே இல்லை. ஏசி ஓடும் வீட்டில் முந்தைய மணியின் எண்ணுக்குள்ளேயே ஏசி இருக்கிறது, வெயில் இருக்கிறது, வீட்டில் ஆள் இருப்பதும் இருக்கிறது. எல்லாக் காரணமும் அந்த ஒரே எண்ணில் கரைந்துவிட்டது. கணிப்புக்கு அது நல்லது. விளக்கமாகப் பார்த்தால், “ஏன் இப்போது அதிகம்? சற்று முன்னால் அதிகமாக இருந்ததால்” என்று சுற்றி வருகிறது.

ஒரே மாடலைக் கொண்டு இரண்டு வேலையையும் செய்ய நினைக்காதீர்கள். கணிக்க ஒன்று, பழைய நுகர்வு எல்லாம் சேர்த்து. விளக்க இன்னொன்று, பழைய நுகர்வு இல்லாமல். இரண்டாவதின் பிழை கூடுதலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அல்லது கணிக்க வேண்டிய அளவையே மாற்றுங்கள்: இந்த வீட்டின் இந்த மணிக்கான வழக்கமான நுகர்விலிருந்து எவ்வளவு விலகல் என்று. அப்போது ஒதுங்கிப் போயிருந்த வெப்பநிலை வெளியே வரும்.

விளக்கும் மாடலுக்கு எக்ஸ்ப்ளெயினபிள் பூஸ்டிங் மெஷின், சுருக்கமாக ஈபிஎம், எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு வளைவு, சில ஜோடிகளுக்கு ஒரு கட்டப்படம், எல்லாவற்றையும் கூட்டினால் கணிப்பு. படத்தில் பார்ப்பதுதான் மாடல், அதற்கு மேலே இன்னொரு விளக்கம் ஒட்ட வேண்டியதில்லை. நிறைய முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் அதைவிட நிஜமாகவே எவ்வளவு முந்துகிறது என்று அளந்து பார்த்துவிட்டு, வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் அதற்குப் போவேன்.

அறிகுறி: அர்த்தமே இல்லாத ஒரு நெடுவரிசை மேலே வந்து நிற்கிறது

வீட்டு அடையாள எண்ணோ, வரிசை எண்ணோ பட்டியலில் மேலே வந்தால் இதுதான். மர வகை மாடல்கள் (ஒரு எண்ணுக்கு மேலா கீழா என்று தரவை வெட்டிக்கொண்டே போகும் மாடல்கள்) இயல்பாகத் தரும் முக்கியத்துவ எண், நிறைய வெவ்வேறு மதிப்புகள் உள்ள நெடுவரிசைக்குச் சாதகமாகச் சாயும். வெட்டிப் பார்க்க அதில் இடம் அதிகம், தற்செயலாக ஏதாவது ஒரு வெட்டு பலித்துவிடும்.

இதைச் சோதிக்கவே ஒருவர் தரவுக்குள் கண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறார். பெல்ஜியத்தில் ஒரு வீட்டில் 2016 ஜனவரி முதல் மே வரை, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த 19,735 வரிசைகள். அறை அறையாக வெப்பநிலை, ஈரப்பதம், விமான நிலைய வானிலை, இவற்றோடு வேண்டுமென்றே சேர்த்த இரண்டு தற்செயல் எண் நெடுவரிசைகள். உங்கள் பட்டியலில் அந்தத் தற்செயல் எண்ணுக்குக் கீழே எது நிற்கிறதோ, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. உங்கள் சொந்தத் தரவிலும் இப்படி ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், காசா பணமா.

கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த இரண்டு நெடுவரிசைகளும் ஒரே எண்கள்! முதல் வரிசையில் இரண்டிலும் 13.275433. இது இன்னொரு கோளாறையும் கற்றுத்தருகிறது. ஒரே தகவல் இரண்டு நெடுவரிசையில் இருந்தால், ஒன்றின் எண்களை மட்டும் கலைத்துப்போட்டு மதிப்பெண் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கும் சோதனையில் மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டுமே முக்கியமில்லை என்று விடை வரும். கூடத்தின் வெப்பநிலையும் சாப்பாட்டு அறையின் வெப்பநிலையும் இப்படித்தான் ஒன்றையொன்று மறைக்கும். அவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒன்றாகக் கலைத்துப் பாருங்கள், அதையும் சோதனைத் தரவில்.

அறிகுறி: உச்சத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது

உண்மையில் மாலை 7 மணிக்கு 2 யூனிட், 8 மணிக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். மாடல் உச்சத்தைச் சரியாக ஊகித்து, ஒரு மணி தள்ளிச் சொல்லிவிட்டது: 7-க்கு 0.5, 8-க்கு 2. பிழை 1.5 கூட்டல் 1.5, மொத்தம் 3. இன்னொரு மாடல் உச்சமே இல்லை, இரண்டுக்கும் 0.5 என்று சொன்னது. பிழை 1.5 மட்டும். தைரியமாகச் சொன்னவனுக்கு இரட்டைத் தண்டனை, வாயை மூடிக்கொண்டவனுக்குப் பரிசு. ஆயிரக்கணக்கான நாட்கள் இப்படி அடி வாங்கிய மாடல் தட்டையாகத்தானே பேசும்?

ஒரே வீடு என்றால் இதை முழுவதும் சரிசெய்ய முடியாது. எண் ஒன்றைக் கேட்பதற்குப் பதில் 90-ஆவது சதமானத்தை, அதாவது பத்தில் ஒன்பது முறை உண்மை அதைத் தாண்டாத எண்ணைக், கணிக்கச் சொல்லலாம். அல்லது “இன்று மாலை 6 முதல் 10-க்குள் அதிகபட்சம் எவ்வளவு” என்று கேள்வியை அகலப்படுத்தலாம். நூறு வீடுகளைச் சேர்த்துக் கணித்தால் ஒருவர் முந்தினால் இன்னொருவர் பிந்துவார், உச்சம் தானாகச் சீராகிவிடும்.

அறிகுறி: மணிக்கணக்கு பரவாயில்லை, மாத மொத்தம் எப்போதும் குறைகிறது

நுகர்வுக்கு லாக் (மடக்கை) எடுத்துப் பயிற்சி கொடுத்தீர்களா? திருப்பி மாற்றும்போது கிடைப்பது சராசரி அல்ல, இடைநிலை அளவு. லாக் அளவில் எஞ்சிய பிழையின் திட்டவிலக்கம் 0.6 ஆக இருந்து, பரவலும் சீராக இருந்தால் கணிப்பு சுமார் 16% குறைவாக நிற்கும். தனிமதிப்புப் பிழையைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தாலும் இதே கதைதான். பயிற்சித் தரவில் உண்மை மொத்தத்துக்கும் கணித்த மொத்தத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்துப் பெருக்குவது முரட்டு வைத்தியம், ஆனால் பலிக்கும். கட்டட எரிசக்தி மாடல்களுக்கு ஆஷ்ரே (ASHRAE, அமெரிக்க ஏசி, ஹீட்டர் பொறியாளர் சங்கம்) வழிகாட்டி 14 இந்தச் சாய்வுக்கு வைத்திருக்கும் எல்லை மாதத் தரவில் 5%, மணித் தரவில் 10%.

லாக் மாடலின் ஷாப் எண்களைப் படிக்கும்போதும் கவனம். அங்கே +0.69 என்றால் 0.69 யூனிட் கூடுதல் இல்லை, சுமார் இரண்டு மடங்கு.

அறிகுறி: எல்லாம் ஒரு மணி தள்ளி நிற்கிறது

காலை உச்சம் படத்தில் ஒரு மணி முன்னால் வந்தால் மூன்று கேள்விகள். நேரம் உள்ளூர் நேரமா, யுடிசியா (உலகப் பொது நேரமா)? 7:00 என்ற முத்திரை 6 முதல் 7 வரை உள்ள நுகர்வா, 7 முதல் 8 வரையா? கோடைநேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது) கடைப்பிடிக்கும் நாடா? அங்கே ஆண்டில் ஒரு நாளுக்கு 23 மணி, இன்னொரு நாளுக்கு 25 மணி. அந்த மாற்றத்துக்குப் பிறகு தரவு யுடிசியில் தொடர்ந்தால், மணி என்ற ஃபீச்சரின் வளைவில் அடுத்தடுத்து இரண்டு குட்டி உச்சம் முளைக்கும். அதைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம்.

அறிகுறி: ஓட்டும்போதெல்லாம் விளக்கம் மாறுகிறது

லைம் (LIME) என்ற இன்னொரு விளக்கக் கருவி, விளக்க வேண்டிய வரிசையின் சுற்றுவட்டாரத்தில் தற்செயலாக மாதிரிகளை உருவாக்கித்தான் விளக்கம் சொல்கிறது, மாறத்தான் செய்யும். மாதிரி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், விதை எண்ணை (தற்செயல் எண்கள் தொடங்கும் எண்ணை) மாறாமல் கட்டிப்போடுங்கள். ஷாப்பில் விளக்கம் மாறினால் பெரும்பாலும் பின்னணித் தரவுதான், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க அதற்குக் கொடுக்கும் வரிசைகள்தான், காரணம். இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆகவே எண்ணோடு காட்டுகிறேன்.

ஒரு வீட்டுக்கு மாலை 7 மணியில் கணிப்பு 1.40 யூனிட். பின்னணியாக எல்லா வீடுகளின் எல்லா மணிகளையும் கொடுத்தால், அடிப்படை (பின்னணி வரிசைகளின் சராசரிக் கணிப்பு) 0.62, வெப்பநிலை +0.41, மணி +0.28, போன வாரம் இதே மணி +0.15, வார நாள் −0.06. கூட்டினால் 1.40. இப்போது பின்னணியாக இதே வீட்டின் மாலை 7 மணிகளை மட்டும் கொடுங்கள். அடிப்படை 1.15, வெப்பநிலை +0.30, போன வாரம் +0.05, வார நாள் −0.10. மணி பூஜ்ஜியம். இதுவும் 1.40 தான். மாடல் ஒன்று, கணிப்பு ஒன்று, விளக்கம் மட்டும் இரண்டு. முதலாவது “ஊர் உலகத்தோடு ஒப்பிட்டால்” என்ற கேள்விக்குப் பதில், இரண்டாவது “என் வழக்கத்தோடு ஒப்பிட்டால்” என்ற கேள்விக்கு. வீட்டுக்காரருக்கு வேண்டியது இரண்டாவது. எதைப் பின்னணியாக வைத்தோம் என்பதைப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மாடலையே வெவ்வேறு விதை எண்களில் ஓர் இருபது முறை பயிற்சி கொடுத்து, தரவரிசையில் எவை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றும் பாருங்கள். மூன்றாவதும் நான்காவதும் மாறி மாறி வந்தால், அவற்றுக்குள் எது பெரிது என்று அறிக்கையில் எழுத வேண்டாம்.

அறிகுறி: பழைய வீடுகளில் பிரமாதம், புது வீட்டில் சொதப்பல்

லண்டனில் 2011 நவம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை 5,567 வீடுகளில் அரைமணிக்கு ஒருமுறை எடுத்த தரவு ஒன்று பொதுவில் இருக்கிறது. அதை வரிசை வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு வீடும் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாடல் வீடுகளை மனப்பாடம் செய்துவிடும். புது வீட்டுக்குக் கணிக்க வேண்டும் என்றால் வீட்டை அலகாக வைத்துப் பிரியுங்கள்: ஒரு வீடு ஒரு பக்கம்தான்.

வீட்டுக்குப் பதில் பருவம் புதிது என்றால் வேறு நோய். மர வகை மாடல் பயிற்சியில் 38 டிகிரி வரை பார்த்திருந்தால், 42 டிகிரிக்கும் 38-க்குச் சொன்னதையே சொல்லும். வளைவின் வலது முனை தட்டையாக முடிவதைப் பார்த்து “ஒரு அளவுக்கு மேல் வெயில் பாதிப்பதில்லை” என்று எழுதிவிடாதீர்கள். அங்கே தரவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வளைவுக்குக் கீழே எந்த வெப்பநிலையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று ஒரு பட்டைப்படம் சேர்த்துப் போட்டால் இந்தத் தவறு நடக்காது.

அறிகுறி: நள்ளிரவில் துணி துவைக்கிறார்கள் என்கிறது

பெயர்ப்பலகையைப் படியுங்கள். அந்தப் பிரெஞ்சு வீட்டில் சலவை அறை என்ற துணை மீட்டரில் (வீட்டின் ஒரு பகுதியை மட்டும் அளப்பது) வாஷிங் மெஷினோடு ஃபிரிட்ஜும் ஒரு விளக்கும் இணைந்திருக்கின்றன. இரவில் ஓடுவது ஃபிரிட்ஜ். மூன்று துணை மீட்டர்களும் சேர்ந்தே வீடு ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். முதல் வரிசையின் 4.216 கிலோவாட் என்பது அந்த நிமிடத்தில் 70.3 வாட் மணி. துணை மீட்டர்கள் காட்டியது 0, 1, 17. மீதி 52 வாட் மணி எங்கே போனது என்று தரவுக்கே தெரியாது.

அறிகுறி: மாடல் சரி, படம் சரி, வீட்டுக்காரர் மட்டும் ஏற்கவில்லை

ஒரு வீட்டுக்காரரிடம் அவர் வீட்டின் படத்தைக் காட்டினேன். மேலே பெரிய பட்டை: செவ்வாய்க்கிழமை. அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சரி தம்பி, செவ்வாய்க்கிழமையை நான் எப்படிக் குறைக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. நாள், மணி, மாதம் என்பவையெல்லாம் ஆட்களின் பழக்கத்துக்கு நாம் வைத்த புனைபெயர்கள். உள்ளே போய் அவருடைய நிமிடத் தரவைப் பார்த்தேன். செவ்வாய் காலை 10 மணியை ஒட்டி, இரண்டு மணி நேரம் 2 கிலோவாட்டுக்கு மேல் ஒரு மேடு, வாராவாரம். கேட்டதும் அவரே சொன்னார்: அன்றுதான் துணி துவைத்து டிரையரில் போடுவது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் பார்க்கும் படத்தில் கிழமைப் பட்டைகளை வைப்பதில்லை. மேடுகளைக் கண்டுபிடித்து “செவ்வாய் காலை 10 முதல் 12 வரை ஓடும் பெரிய சாதனம்” என்று எழுதுகிறேன்.

இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பட்டையில் +0.41 என்று இருந்தால், அதை நிறுத்தினால் 0.41 யூனிட் மிச்சமாகும் என்று பொருள் இல்லை. மாடல் அந்த எண்ணை எதிலிருந்து எடுத்தது என்பதைத்தான் பட்டை சொல்கிறது. மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நிஜமாகவே மாற்றிப் பார்த்து அளக்க வேண்டும்.

அவர் மாற்றிப் பார்த்தார். டிரையரை வியாழனுக்குத் தள்ளினார். இரண்டு வாரம் வரை மாடல் செவ்வாயையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி எட்டு வாரத் தரவு சேர்ந்து மறுபயிற்சி கொடுத்ததும் செவ்வாய்ப் பட்டை மறைந்து வியாழன் பட்டை முளைத்தது. வாரத்தின் மொத்த யூனிட் அப்படியேதான் இருந்தது.